மேசை மேல் ஏற்றி அளவெடுக்கும் டெய்லர் அக்கா

"செருப்பைக் கழட்டிட்டு மேல ஏறுங்க" என்கிறார் டெய்லர் அக்கா. பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க வந்த வங்கி மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் வெட்டும் மேசையில் ஏறி நிற்கிறார். தலைக்கு மேலே இருக்கும் மின்விசிறியை, கடையில் கூடவே தைக்கும் அக்காவின் நாத்தனார் முன்கூட்டியே அணைத்துவிடுகிறார். அக்கா குனியாமல், நிமிர்ந்த தலையோடு, மேலாளரின் கணுக்காலில் சாக்பீஸ் கோடு போடுகிறார். குனிந்தால் அவருக்குக் கடையே சுற்றும்.

போன வருஷம் அக்கா, தைத்து முடித்த ஒரு கோட்டின் கையைப் பக்கத்தில் விரித்திருந்த துணியோடு சேர்த்து வெட்டிவிட்டார். ஓரத்தில் கிடந்த கை கண்ணில் படவே இல்லை. கோட்டுக்காரர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அதற்கு முன்பே அக்கா வீட்டில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, நிலையைத் திட்டிக்கொண்டிருந்தாராம். கண் டாக்டர்தான் இரண்டு பக்கமும் ஓரப் பார்வை குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி வளர்ந்து கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. மூக்கு வழியாகவே போய் அதை எடுத்தார்கள். "ஊர் விஷயத்துல எல்லாம் மூக்கை நுழைப்பேன்னு என்னைச் சொல்வாங்க. கடைசில என் மூக்குக்குள்ளயே ஆள் நுழைஞ்சுட்டாங்க" என்று அக்காவே சிரிப்பார்.

பார்வை திரும்பிவிட்டது. மற்றவைதான் தவணை முறையில் வருகின்றன. உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது. காலை மாத்திரை தாமதமானால் கை கால் துவண்டுபோகிறது. வாசனை இன்னும் முழுதாக வரவில்லை. இஸ்திரி போடும்போது துணி தீய்கிறதா என்று மோந்து சொல்வது நாத்தனார் வேலை. தும்மல் வந்தால் அடக்கக் கூடாது, வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றோடு, உதட்டில் குண்டூசி கவ்வும் பழக்கமும் போயிற்று. ஊசிகள் இப்போது மணிக்கட்டில் கட்டிய பஞ்சுத் திண்டில் குத்தி நிற்கின்றன. "அண்ணி, மெதுவா" என்பதை நாத்தனார் எத்தனை முறை சொல்கிறாரோ, அத்தனை முறையும் அக்கா முகத்தைச் சுளிக்கிறார்.

நாத்தனாருக்குத் தையல் அருமையாக வரும். வெட்டுதான் வராது. அக்காவுக்குப் பதிலாக அவர் வெட்டிய கோட்டுகளில் ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கி நின்றன. வாடிக்கையாளர்கள் முகம் கோணாமல் பாராட்டிவிட்டு, அடுத்த துணியோடு பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது ஜிப் மாற்றுவதும் பட்டன் வைப்பதும்தான். அக்கா இரண்டொரு தரம் கத்தரியை எடுத்துப் பார்த்தார். துணியையே உற்றுப் பார்த்ததில் மேசை ஆட, கீழே வைத்துவிட்டார். "கை நல்லாத்தான் இருக்கு. இன்னொருத்தர் கோட்டைக் கெடுத்துடுவேனோன்னுதான் பயம்" என்றார், பழைய வாடிக்கையான என்னிடம், குரலைத் தாழ்த்தி. கடையைக் கைவிட்டுவிடுவாரோ என்று எனக்கும் கவலையாக இருந்தது.

நேற்று, முதல் வேலைக்குப் போகும் என் மகளுக்காக வாங்கிய கோட்டுத் துணியைக் கொண்டுபோய், அக்காதான் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது வீரமாக இருந்தது. அவர் துணியை விரித்துக் கோடு போட்டுக் கத்தரியை எடுத்ததும், துணி வாங்கிய பில் பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மேசையில் அந்தத் துணியைத் தவிர வேறு எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. கழுத்து வளைவு சுத்தமாக வந்தது. தோளுக்குப் போட்ட சாக்பீஸ் கோட்டின் பாதியில் கத்தரி நின்றது. தையல் இயந்திரத்தை விட்டு நாத்தனார் எழுந்தார். நானும் ஒரு அடி முன்னே வைத்தேன். அக்கா இடது கையைத் தூக்கி எங்கள் இருவரையும் நிறுத்தினார்.

"சுத்துது. சுத்தி முடிக்கட்டும்."

கத்தரியைத் துணியிலிருந்து எடுக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நிதானமாக மூச்சு விட்டார். பிறகு கண்ணைத் திறந்து, முதலில் இடது ஓரம், அப்புறம் வலது ஓரம் பார்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினார்.