ஒட்டுப்பால் வாசம்

சிம்பாங் பூலாய் சாலையில், மரத்திலும் கோப்பையிலும் உறைந்த ரப்பர் ஒட்டுப்பாலை ஏற்றிய லோரி எங்கள் காருக்கு முன்னால் போனது. “நாத்தம்லா அத்தே, கண்ணாடிய ஏத்துங்க” என்றாள் மருமகள். எனக்கோ அது மாரியாயி அம்மாவின் சேலை வாசம்.

வெள்ளைக்காரன் காலத்தில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்த ஆசாரி என் அப்பா; இன்று வீடுகளாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவுக்குக் கதவு இழைத்தவர். பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் பால்மரம் வெட்டுகிறவர்கள் வீட்டில் எங்கள் ஆட்கள் தண்ணீர்கூடக் குடிக்காத அந்த நாளில், என்னைப் பெற்றதும் அம்மா இறந்துவிட, பால்மரம் வெட்டும் மாரியாயி அம்மாதான் எனக்குத் தாய்ப்பால் கொடுத்தார். நான் நடக்கத் தொடங்கிய பிறகும், வேலை முடிந்து வரும்போது, மரச்சுருள் மணக்கும் எங்கள் பட்டறை வாசலில் நின்றுதான் என்னைத் தூக்குவார். மற்ற ஆசாரிமார் முறைக்க முறைக்க, அப்பா பலகை எடுத்துப் போடுவார்.

“உள்ள வந்து உக்காருங்கக்கா.”

“பிள்ளமேல என் நாத்தம் ஒட்டிக்கும்லா, ஆசாரி!”

“ஒட்டட்டும்கா. நீங்க குடுத்த உசுருதானே.”

லோரி மறையும்வரை நான் கண்ணாடியை ஏற்றவில்லை.