பாட்டில் கழுத்தில் ஒரு சிவப்பு வளையம்

வெறும் காகிதம் கொலை செய்யாது. என் ஆராய்ச்சியில் செய்தது.

யூரோப்பியம் என்ற அருமண் உலோகத்தில் சேர்மங்கள் தயாரித்து, அவை பாக்டீரியாவைக் கொல்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி வாத்தியாருக்கு நாற்பத்தொன்பது வயதில் முனைவர் பட்ட முயற்சி. பல்கலைக்கழகம் போட்ட கடைசிக் கெடு. சேர்மத்தைக் கரைத்துப் பொட்டளவு காகித வில்லையில் சொட்டு விட்டு, பாக்டீரியா வளரும் தட்டில் வைக்க வேண்டும். கொன்றால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். ஒப்பிட்டுப் பார்க்க, கரைப்பானில் மட்டும் நனைத்த வில்லை ஒன்று. அதைச் சுற்றி வட்டம் விழவே கூடாது.

விழுந்தது.

தட்டுகளைப் பார்த்துச் சொல்லும் மைக்ரோபயாலஜி மேடம் தன் கன்னடம் கலந்த தமிழில் கூப்பிட்டார். "சார், ஸ்வல்ப வாங்க. உங்க சும்மா வில்லையும் சாகடிச்சிருக்கு."

"உங்க இடுக்கி சுத்தமில்ல மேடம். இன்குபேட்டரும் சரியில்ல." பயம் வந்தால் நான் நீதிபதியாகிவிடுவேன்.

அவர் கோபப்படவில்லை. "இருக்கலாம் சார். எங்க பக்கம் தப்புன்னு யுனிவர்சிட்டிக்கு லெட்டர் குடுத்துடறேன். உங்களுக்கு இன்னும் ஆறு மாசம் கிடைக்குமில்ல?"

என் பக்கம் சுத்தம்தான் என்று எனக்கே காட்டிக்கொள்ள, ஆய்வகத்தின் ஜன்னல்களை மூடி, புற ஊதாக் கைவிளக்கைப் போட்டேன். அந்த வெளிச்சத்தில் என் சேர்மம் ரத்தச் சிவப்பாக ஒளிரும்.

ஒளிர்ந்தது. மூன்று முறை சோப்புப் போட்ட என் விரல்களில். நாற்காலியின் கையில். டிபன் பாக்ஸ் மூடியில். மதியம் அதிலிருந்துதான் தயிர்சாதம் தின்றிருந்தேன். நாக்கை நீட்டி விளக்கைக் காட்டலாமா என்றுகூட யோசித்த வீரன் நான். கடைசியாகக் கரைப்பான் பாட்டில். அதன் கழுத்தில் ஒரு சிவப்பு வளையம்.

சோப்புத்தூளாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சோப்புத்தூள் நீலமாக ஒளிரும் என்பது தெரிந்தேதான். பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஒளியை நிறம் பிரித்துத் திரையில் கோடாக வரையும் நிறமாலைமானியில் வைத்தேன். கோடு தட்டையாகப் போய், சிவப்புக்கு வந்ததும் ஊசியாய் எழுந்து நின்றது. என் சேர்மத்தின் அதே ஊசி. கைரேகை மாதிரி.

அப்புறம்தான் உறைத்தது. வீட்டில் அப்பளம் பொரித்த எண்ணெயைத் திரும்ப டப்பாவில் ஊற்றுகிற கை இது. பீக்கரில் மிஞ்சிய கரைப்பானை, வீணாகிறதே என்று, பாட்டிலுக்கே திருப்பியிருக்கிறேன். சேர்மம் தொட்ட பிப்பெட் குழாய் முங்கிய அதே பீக்கர். 'எடுத்ததைத் திரும்ப ஊற்றாதே' என்று முதலாண்டுப் பிள்ளைகளிடம் வருஷா வருஷம் இடி முழங்குபவன் நான். இத்தனை மாதத் தட்டுகளும் பொய்.

விளக்கை அணைத்தேன். பாட்டில் பச்சைத் தண்ணீர் போல அப்பாவியாக நின்றது. சிங்க்கில் கவிழ்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. லெட்டர் வேறு வரப்போகிறது.

கொஞ்ச நேரம் சிங்க்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாட்டிலையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். மேஜையில் லெட்டர், கையெழுத்தோடு.

"என்ன சார், டார்ச்சோட? கரண்ட் இருக்கே!"

"லைட்டை அணைங்க மேடம்."

"அய்யோ, பேய் காட்டப் போறீங்களா?"

"ஆமா. பேய் நான்தான். பாட்டில் சாட்சிக்கு வந்திருக்கு."

சிரித்துக்கொண்டே சுவிட்சைத் தட்டினார். நான் புற ஊதா விளக்கைப் பாட்டிலின் கழுத்துக்குக் காட்டினேன். இருட்டில் அந்தச் சிரிப்பு நிற்பது எனக்குக் கேட்டது.