நிஸ்தார் நானாவின் கிளட்ச் கால்

ஏறாவூரில் முப்பது வருடமாக லொறிக்கும் டிரக்டருக்கும் கியர் பொக்ஸ் திருத்திய நிஸ்தார் நானாவுக்கு ஒரே ஓர் ஆசை. தன் கையால் பூட்டிய ஸ்போர்ட்ஸ் காரை ஒரு தடவை தானே ஓட்ட வேண்டும். அப்படி அவர் கராஜுக்கு வந்த கார் என்னுடையதுதான். வந்த நேரம்தான் பிழை. சீனி வருத்தத்தில் அழுகிய இடது காலை அடுத்த திங்கள் வெட்டுவதாக ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாது. சீலைக் கட்டைப் பார்த்து ஏதோ காயம் என்று நினைத்தேன்.

கத்தார் வெயிலில் பத்து வருடம் காய்ந்து வாங்கிய கார். அதன் எஞ்சின் இழுத்த இழுவையில் பழைய பொக்ஸின் பற்கள் நொறுங்கிவிட்டன. கராஜில் வேறு இரண்டு பொக்ஸ் இருந்தன. சின்னதற்கு லேசாக அமுங்கும் கிளட்ச். பெரியதன் கிளட்சை மிதிக்க நல்ல பலமான இடது கால் வேண்டும்.

"சின்னதையே பூட்டுங்க நானா. நாளைக்கே ஓடலாம்."

"யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழலாமா தம்பி? இந்த எஞ்சின்ட இழுவைக்குச் சின்னது ஒரு மாசம் தாங்காது."

பெரியதையே பூட்டினார். ஞாயிறு பின்னேரம் காரின் திறப்பை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க."

"ஓட்டிப் பாக்காமத் தாறதெல்லாம் ஒரு வேலையா?" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். கார் அருமையாக ஓடியது.

கால் போன செய்தி கேட்டு இரண்டு கிழமை கழித்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி றுக்ஷானா வாசலிலேயே சொன்னார்.

"ரெண்டு கிளட்சையும் மாட்டி, அந்தக் காலால மிதிச்சுப் பாத்தவர் தம்பி. சின்னதுதான் அமுங்கினது. அதப் பூட்டியிருந்தா ஒரு தரமாவது ஓட்டியிருப்பார்."

என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நானாவைத் தூக்கிக் காரில் எனக்குப் பக்கத்தில் இருத்தி, சித்தாண்டிப் பக்கம் காரை விட்டேன்.

நான் கியர் மாற்றும்போதெல்லாம் கட்டியிருந்த சாரத்துக்குள் அவருடைய குறைக்கால் எழும்பி அழுந்தியது. பார்க்க முடியாமல் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

"கிளட்ச் கொஞ்சம் பாரம்தான், என்ன?" என்றார்.

"ஓம் நானா" என்றேன்.