துணிக் கம்பங்களைப் பிடுங்கிய அண்ணாச்சி

2022 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்தே காலுக்கு மோட்டார் போட்டேன். ஐந்தரைக்குப் பால் வந்தது. ஆறு மணிக்கு, குற்றாலத்தில் நான் மேலாளராக இருக்கும் விடுதியின் மொட்டை மாடிக்கு ஏறினேன். மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. நாட்குறிப்பில் இந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறேன். கொத்தனார் அண்ணாச்சியின் வேலைக்கு அன்றுதான் பரீட்சை.

முப்பது வருஷக் கட்டடம். முந்தைய சீசனில் மேல்தளத்து எட்டு அறைகளும் ஒழுகின. தளத்தை முழுதாகக் கொத்திப் புதிதாகப் போட வேண்டும் என்றார் ஒரு கான்ட்ராக்டர். அந்தச் செலவுக்கு வழியில்லாத முதலாளி, இன்னொரு தடவை ஒழுகினால் மேல்தளத்தையே பூட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அந்த அறைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு அக்காக்களுக்கும் அத்தோடு வேலை போய்விடும்.

சீசனுக்கு முன் நான் கூப்பிட்டு, பாவூர்சத்திரத்திலிருந்து வந்த அண்ணாச்சி எடுத்த எடுப்பில் எதையும் கொத்தவில்லை. களிமண்ணால் வரப்பு கட்டி, மாடியை வயல் போலப் பாத்தி பிரித்தார். நாளுக்கு ஒரு பாத்தியில் தண்ணீர் நிறுத்துவார். இருவரும் கீழே அறையில் அண்ணாந்து உட்கார்ந்திருப்போம். முதல் இரண்டு நாளும் ஒரு சொட்டு இல்லை. மூன்றாம் பாத்தியில் தண்ணீர் விட்ட இருபதாவது நிமிடம் கூரை வேர்த்தது. துணிக்கொடிக் கம்பங்கள் தொடங்குவது அங்கேதான். அருவியில் குளித்து வருகிறவர்களின் ஈரத்துணிக்கு இடம் போதாமல், சீசனுக்கு இரண்டாகத் தளத்தைத் துளைத்து அவற்றை நட்டது நான்தான்.

“ஓட்டையையும் நீங்களே போட்டுட்டு, மழையப் போட்டு வையுதியளே சார்வாள்,” என்றார்.

“கம்பத்த எடுத்தா துணிய எங்கன காயப்போட அண்ணாச்சி?”

“சீசன்ல எந்தத் துணி காஞ்சிருக்கு?”

கம்பங்களைப் பிடுங்கினார். துளைகளை அகலமாக்கிக் கழுவி, கசிவு தடுக்கும் மருந்து கலந்த சிமென்டால் அடைத்தார். உடைந்த தட்டோடுகளை மட்டும் மாற்றி, இடுக்குகளில் சாந்து பூசினார். காலி பெயின்ட் வாளிகளில் கான்கிரீட் கொட்டி, கம்பங்களை அதில் நிறுத்தினார். எட்டே நாள் வேலை. இன்று பக்கத்து விடுதி மாடிகளிலும் வாளிக் கம்பங்கள் நிற்கின்றன.

பதினொன்று பத்துக்குச் சாரல் இறங்கியது. மதியத்துக்குமேல் அதுவே மழையாக வலுத்தது. அரை மணிக்கு ஒருமுறை எட்டு அறைகளிலும் நாற்காலி போட்டு ஏறிக் கூரையைத் தடவினேன். “வெள்ளையடிக்கப் போறியளா சார்?” என்று கேட்டார் ஒரு அக்கா. சிரித்தாலும் அவர் கண் என் விரலிலேயே இருந்தது. மாலை ஆறு வரை விரல் நனையவில்லை. ஒழுகவில்லை என்று முதலாளிக்கு ஃபோன் செய்தபோது, சந்தோஷத்தில் என் குரலே மாறியிருக்க, யார் பேசுவது என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, மேல்தளத்துச் சாவிகள் எட்டையும் வரவேற்பறைப் பலகையில் வரிசையாக மாட்டினேன்.