சோற்றுக்கு விலை சொல்லாதவர்

சோற்றைத் தட்டில் குவித்து வைத்த பிறகுதான், "என்ன கறி விடட்டும்?" என்று சிவகாமிப்பிள்ளை கேட்கிறார். மீன்குழம்புக்கு ஒரு விலை, பருப்புக்கு ஒரு விலை. சோற்றுக்கு விலை இல்லை. திருகோணமலைத் துறைமுக வாசலுக்கு எதிரே, கிடுகுக் கொட்டிலில் பதினொரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. புதிதாக வருகிறவன் சோற்றுக்கும் சேர்த்துக் காசு நீட்டினால், மிச்சத்தை அகப்பைக் காம்பால் அவன் பக்கமே தள்ளிவிடுகிறார்.

தினமும் அங்கே சாப்பிடுகிற நான் காரணம் கேட்டேன். ஈச்சிலம்பற்றிலிருந்து விதவையாக மகனோடு இங்கே வந்து, அடுப்பு மூட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லையாம். கோயிலில் புராணம் படித்தார்கள். பாட்டுக்குப் பொருள் சொன்னவர் கலியுகத்தின் அடையாளங்களை அடுக்கினார்: பிள்ளை தகப்பனை மதிக்காது, மழை பருவம் தவறும், சோறு விலைக்கு விற்கப்படும். "எனக்கு நெஞ்சு திக்கெண்டது. கலி வந்து குந்தின இடம் என்ர கொட்டில்தானெண்டு நினைச்சன்."

அப்படியானால் கறியை மட்டும் விற்கலாமா என்று விடாமல் கேட்டேன்.

"கறியைப் பற்றி அந்த மனுசன் ஒண்டும் சொல்லேல்ல."

கோட்டில் வழக்குப் பேசும் எந்த அப்புக்காத்தும் இவரிடம் பாடம் கேட்கலாம்.

ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம், முழங்கை வரை எண்ணெய் தெறித்த வடுக்கள். வெற்றிலை போடுவதில்லை; வாயில் எப்போதும் ஒரு கராம்பு. இந்த யுத்த நாளில் விமானம் வருகிறதென்று ஆபத்துச் சங்கு ஊதினால் பானையை மூடிவிட்டுத்தான் பதுங்குகுழிக்கு ஓடுவார். "முதல் யுகத்தில தருமம் நாலு காலில நிண்டதாம். பிறகு மூண்டு, பிறகு ரெண்டு. இப்ப ஒத்தைக் கால். அதையும் நான் தட்டி விடக்கூடாதெல்லோ" என்று சொல்லும்போது அவர் குரலில் உண்மையான பயம் இருக்கிறது. யுகதர்மம் பேசிய பிரசங்கிகள் பலரைக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பயந்த ஒருவரை இங்கேதான் கண்டேன்.

யுத்தத்தில் பர்மா விழுந்து, அங்கிருந்து வரும் அரிசிக் கப்பல் நின்றது. சித்திரையில் குண்டு விழுந்து பாதி ஊர் காலியானது. பங்கீட்டில் கிடைத்த கூப்பன் அரிசி வீட்டுக்கே போதவில்லை. சிவகாமிப்பிள்ளை தன் பங்கு அரிசியைக் கடைப் பானையில் போட்டுவிட்டு மரவள்ளிக் கிழங்கு தின்னத் தொடங்கினார். மருமகள் சீதேவிக்குப் பொறுக்கவில்லை. "மாமி, ஊரெல்லாம் சோறு விக்குது. நீங்கள் ஒராள் விக்காட்டி யுகம் திரும்பிப் போகுமே?"

"போகாது பிள்ளை. ஆனா என்ர கையால முன்னுக்குத் தள்ள ஏலாது."

ஆனி மாதம் ஒருநாள் துறைமுகச் சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் மேஸ்திரி ஒருவர் இரண்டு மூட்டை அரிசியோடு வந்தார். கணக்கில் இல்லாத அரிசி. சோற்றுக்கு நல்ல விலை போட வேண்டும், வருவதில் பாதி அவருக்கு. அன்றைக்குப் பானையில் ஒரு மணி அரிசி இல்லை. வாசலில் நாற்பது சுமைகாரர்கள் நின்றார்கள். சிவகாமிப்பிள்ளை கராம்பை மெல்லுவதை நிறுத்தி, மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொண்டு போங்கோ தம்பி."

அவர் அவித்துப் போட்ட மரவள்ளிக் கிழங்கை நாற்பது பேரும் தின்றார்கள். எனக்கும் பசி, அவர்மேல் கோபம்கூட வந்தது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை, கிண்ணியாவிலிருந்து தோணியில் சுமை வேலைக்கு வரும் அலியார் இடுப்புச் சாரத்து முடிச்சை அவிழ்த்தார். தன் கூப்பன் அரிசியில் இரண்டு பிடி. பானையில் போட்டுவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் ஐந்து முடிச்சுகள். இப்போது பானை முக்கால்வாசி நிறைகிறது.

போன புதன்கிழமை எல்லாரும் தின்று முடிந்த பிறகு அடியில் கொஞ்சம் சோறு மிஞ்சியது. சிவகாமிப்பிள்ளை வழக்கம்போலக் கிழங்கை எடுத்தார். அலியார் அகப்பையை வாங்கி, மிஞ்சிய சோற்றை அவர் தட்டில் வைத்தார்.

"இது உங்கட பிள்ளையளின்ர பங்கு தம்பி" என்று சொல்லி, சிவகாமிப்பிள்ளை காசு போடும் தகரப் பேணிக்குள் கைவிட்டுச் சில்லறையை எடுத்துப் பலகையில் வைத்தார்.

அலியார் அகப்பைக் காம்பால் அதை அவர் பக்கமே தள்ளினார். "நாங்களும் விக்கிறேல்ல அக்கா."

சிவகாமிப்பிள்ளை கராம்பை வாயிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார்.