சப்பாத்தோட ஏறுங்கோ

ஸ்காபரோவின் தென்கோடியில் செங்குத்தான மண்மேடுகள் கடல்போல் விரிந்த ஏரியைப் பார்த்தபடி நிற்கும். அவற்றின் அடியில் ஒரு மரக்கொட்டகையும் ஒரு மீட்புப் படகும் இருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே தொண்டர்கள் தேவை என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நான் ஊரை விட்டு வந்து டோர்செட் பார்க் தொடர்மாடியொன்றில் குடியிருந்தேன். கிழமை நாட்களில் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வேலை. பெயர் கொடுத்துவிட்டு வந்து கணவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? நீந்தத் தெரியாது. கார் ஓடத் தெரியாது. இனி போட்டில ஏறி ஆரைக் காப்பாத்தப் போறீர்?"

"கார் ஓடிப் பழகினா மார்க்கம் டவுன் கடையளுக்குத்தான் போகலாம்," என்றேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த நிலையத்தின் கதையைப் படகுத் தலைவர் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வார். நரைத்த தாடிக்காரர், சிரிக்கத் தெரியாதவர். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறிய படகு கரையிலிருந்து பார்க்கக்கூடிய தூரத்தில் கவிழ்ந்ததாம். மேட்டுத் தெருக்காரர்கள் கூடி நின்று பார்த்தார்களாம். உதவி வந்தபோது ஒருவரும் மிஞ்சவில்லை. அப்படி நின்று பார்த்தவர்கள்தான் ஆளாளுக்குப் பலகை கொண்டுவந்து இந்தக் கொட்டகையை அடித்தார்கள், ஒரு பழைய படகை வாங்கித் திருத்தினார்கள்.

அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல என் கண்ணில் ஊர்க் கடல் நின்றது. எங்கள் ஊர்க் கரையில் என் அண்ணனின் வள்ளமும் கண்ணுக்கு முன்னால்தான் கவிழ்ந்தது. ஆண்கள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். வள்ளங்கள் மணலில் கிடந்தன. ஆனால் பெண்கள் வள்ளத்தில் ஏறக் கூடாது, ஏறினால் கடல் கோபிக்கும் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அத்தனை பெண்களும் கரையில் நின்று கத்தினோம். அண்ணன் திரும்பவில்லை. கடல் மேல் எனக்குக் கோபமில்லை. கத்திக்கொண்டு நின்ற எங்கள் கால்கள் மேல்தான் கோபம், அது இன்னும் ஆறவில்லை.

அதனால் நீச்சல் பழகினேன். சமூக நிலையத்துக் குளத்தில், முழங்கால் வரை நீண்ட டீசேர்ட்டோடு, பால்பல் விழாத பிள்ளைகளுக்கு நடுவில். அவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். மூக்கால் தண்ணீர் குடித்துக் குடித்துப் பழகி, ஒருவாறு நீச்சல் பரீட்சையும் பாஸ் பண்ணினேன்.

படகில் ஏறிய முதல் நாளே வினை வந்தது. ஏப்ரல் மாதம், படகின் தளத்தில் மெல்லிய பனி. என் கை தானாகக் கீழே போய்ச் சப்பாத்தைக் கழற்றியது. படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கம்பளிக் காலுறையோடு ஏறினேன். எங்கள் பக்கத்தில் வள்ளத்தில் செருப்போடு யாரும் ஏறமாட்டார்கள். சோறு போடுகிற வள்ளமல்லவா? ஏறிய வேகத்தில் சறுக்கி விழுந்தேன்.

தலைவர் என்னை இறக்கிவிட்டார். சப்பாத்தோடு ஏறு, இல்லையென்றால் கரையில் நில் என்றார். கரையில் நில் என்ற சொல் சுருக்கென்று தைத்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன். சாமியறைக்குள் மிதியடியோடு போவதுபோல் கால் கூசியது. ஆனாலும் ஏறினேன். அந்தப் பருவம் முடியும்வரை பார்ப்போம், பிறகுதான் உன்னைச் சேர்ப்பதா இல்லையா என்று சொல்வேன் என்றார். குழுவில் சேர்ந்தவர்களின் மேலங்கிகள் கொட்டகைச் சுவரில் கொளுக்கியில் தொங்கின. என்னுடையது வாங்குப் பலகையில் கிடந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிறு, வடக்கிலிருந்து காற்று. மேடு மறைப்பதால் கரையோரம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் காற்று பிடித்து நடு ஏரிக்குக் கொண்டுபோய்விடும். காற்றடைத்த ரப்பர் படகில் தூண்டில் போடப் போன ஒருவர் அதில் அகப்பட்டுக்கொண்டார் என்று அழைப்பு வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரப்பர் படகு கவிழ்ந்திருந்தது. நாங்கள் எறிந்த கயிற்றை ஒரு கையால் பிடித்த மனிதர், மற்றக் கையைத் தண்ணீருக்குள் விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். முகம் அலைக்குள் போய்ப் போய் வந்தது. இரண்டு கையாலும் பிடி என்று தலைவர் ஆங்கிலத்தில் கத்தினார். தண்ணீரில் கிடந்தவர் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் விளங்கிவிட்டது. எங்கள் ஆள்தான், படகில் ஏறுமுன் சப்பாத்தைக் கழற்றப் பார்க்கிறார்.

"அண்ணை! சப்பாத்தோட ஏறுங்கோ! ஒண்டும் நடக்காது, நானும் சப்பாத்தோடதான் நிக்கிறன்!"

தமிழ் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது கையும் கயிற்றுக்கு வந்தது. இழுத்துப் போட்டோம்.

போர்வைக்குள் நடுங்கியபடி என் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"பொம்பிளையள் வள்ளத்தில ஏறக் கூடாதெண்டு எங்கட ஊரில சொல்லுறவை, தங்கச்சி."

"ஓம் அண்ணை, எங்கட ஊரிலயும் சொல்லுறவை," என்று போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அண்ணனுக்காக அழுதேன்.

கொட்டகைக்குத் திரும்பியதும் தலைவர் வாங்கில் கிடந்த என் மேலங்கியை எடுத்து, மற்றவர்களுடையவற்றுக்குப் பக்கத்தில் சுவரில் கொளுவினார்.

வீட்டுக்கு வந்தேன். கணவர் டிவிக்கு முன்னால் இருந்தார்.

"இனி ஞாயிற்றுக்கிழமைச் சமையல் உங்கட பாடு," என்றேன்.