ஓடையோரத்து ஊடு

என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பொத்தான்மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன்; ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் உதடு மட்டும் அசைந்தது.

நான் சிறுவனாக இருந்தபோதே, ஏற்காட்டு எஸ்டேட்டில் காபிப்பழம் தோலுரிக்கும் மிஷினோடு மல்லுக்கட்டியே அப்பாவுக்குக் காது போயிருந்தது. தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரின் வாய் அசைந்து நின்றதும் "சரிங்க" என்பார். ஒருநாள் ரைட்டர், "ஓடையோரத்து ஊட்டுக்கு மாறிக்கறயா?" என்றார்.

"சரிங்க."

அந்த மழைக்காலம் முழுக்க, அந்த வீட்டின் ஒழுகும் ஓட்டுக்குக் கீழே அம்மா வைத்த சட்டிகளுக்கு நடுவில் புரண்டோம். சொட்டுகிற சத்தத்தில் எனக்குத் தூக்கமே வராது. அப்பா மட்டும் நன்றாகத் தூங்கினார்.

கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்ததும் டாக்டரம்மா ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, இலவசக் காதுமிஷினா, காசு குடுத்து வாங்கறதான்னு கேட்டா, சரிங்கன்னு சொன்னா எப்படிங்க?"